ஹர்கிலாவுக்கு வளைகாப்பு

ஹர்கிலா ஒரு பெருநாரை. நின்றால் ஏறக்குறைய ஐந்தடி உயரம். சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர். தலையும் கழுத்தும் மொட்டை, அங்கங்கே சில மயிரிழைகள் மட்டும். கழுத்தின் முன்புறம் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பை தொங்கும். விழுங்கிய இரையை அதில் சேர்த்து வைப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது சுவாச மண்டலத்தோடு சேர்ந்த காற்றுப்பை. இரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அசாமிய மொழியில் பெயரின் முற்பாதி எலும்பைக் குறிக்கும், பிற்பாதி விழுங்குவதை. செத்த மாட்டின் எலும்பையும் மீனையும் தவளையையும் எலியையும் ஒரே மாதிரி விழுங்குகிற பறவைக்குப் பொருத்தமான பெயர்தான். பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளி, பீகாரில் கங்கையும் கோசியும் பாயும் தியாரா என்னும் ஆற்றோர நிலங்கள், கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிக்கரை ஆகிய மூன்று இடங்களில்தான் இன்று இது குஞ்சு பொரிக்கிறது.

அழகில்லாத பறவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைக் காப்பதற்காக அசாமின் காம்ரூப் மாவட்டத்துப் பெண்கள் 2007-க்குப் பிறகு செய்தவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் அது வனப்பாதுகாப்பு போலவே இருக்காது. தறியில் அதன் உருவை நெய்தார்கள், அதைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள், காகிதக்கூழில் அதன் தலையைச் செய்து தங்கள் தலையில் சூடிக்கொண்டார்கள், அது முட்டையிடும் பருவத்தில் அதற்கு வளைகாப்பு நடத்தினார்கள். பார்வையாளர் என்று ஒருவரும் இல்லாமல் எல்லோரும் செய்பவராக இருக்கும் கலையைப் பங்கேற்புக் கலை என்பார்கள். இந்தியாவில் அதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு சொல்வது கடினம். இத்தனைக்கும் செய்தவர்கள் அதைக் கலை என்று பெயரிட்டுத் தொடங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பறவையின் பெயர்பெற்ற ஊர் கல்கத்தா. மழைக்காலத்தில் அரசு மாளிகையின் கைப்பிடிச் சுவர்களில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அடி எண்ணி வைத்து நடக்கும் அதன் நடையைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அதற்கு 'அட்ஜுடன்ட்' என்ற ராணுவப் பதவியின் பெயரையே வைத்தார்கள். நகரத்தின் அழுகலைத் தின்று தீர்ப்பதால் அதைக் கொல்பவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்று விதி இருந்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. கல்கத்தா மாநகராட்சியின் பழைய சின்னத்தில் அலகில் பாம்போடு நிற்கும் இரண்டு பறவைகள் இவைதான். இவ்வளவு மரியாதை இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை நகரத்தை விட்டு மறைந்தன. கல்கத்தாவில் அவை இரை தேடினவே தவிர, அங்கே கூடு கட்டவில்லை. பர்மாவின் பெகு பகுதியில் சித்தாங் ஆற்றையொட்டிய காட்டு மரங்களில் பெருந்திரளாக அவை கூடு கட்டியிருப்பது 1877-இல் பதிவாகியிருக்கிறது. இந்தியாவுக்கு வந்துபோன பறவைகளின் பிறந்த வீடு அதுவே என்று கருதப்பட்டது. 1930-களுக்குள் அந்தக் குடியிருப்பு இல்லாமல் போயிற்று. இரை கிடைக்கும் ஊரில் எத்தனை சட்டம் போட்டாலும், கூடு தாங்கும் மரம் விழுந்தால் பறவை இல்லை.

அசாமில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம். அங்கே ஹர்கிலா கூடு கட்டுவது காப்புக்காட்டில் அல்ல. பெரும்பாலும் ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்பு, இலவு போன்ற உயரமான மரங்களில். மரம் வீட்டுக்காரருடையது. மூன்று நான்கு முட்டை. அடைகாப்பு முப்பத்தைந்து நாள். அதன்பின் குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஐந்து மாதம். அந்தக் காலம் முழுவதும் எச்சமும், குஞ்சுக்கு ஊட்டக் கொண்டுவந்த அழுகிய இறைச்சியும், எலும்பும் முற்றத்தில் விழுந்துகொண்டே இருக்கும். கிணற்றடியில் நாற்றம். கீழே பசுத்தொழுவம் இருந்தால் அதன் கூரையெல்லாம் வெள்ளை. அது அபசகுனப் பறவை, நோயைக் கொண்டுவரும் பறவை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டுக்காரர் தன் கொல்லையில் தான் வளர்த்த மரத்தைத் தானே வெட்டினால் அதைத் தடுக்க வனத்துறைக்கு வழி குறைவு. அவர்மேல் கோபப்படவும் நியாயம் குறைவு.

2007-இல் தாதரா என்ற சிற்றூரில் அப்படி ஒரு மரம் விழுந்தது. ஒன்பது குஞ்சுகள் கூட்டோடு தரையில் விழுந்தன. அப்போது இந்தப் பறவையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்த பூர்ணிமா தேவி பர்மன் அங்கே போய் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். ஊர் சூழ்ந்துகொண்டது, கேலி செய்தது. நாற்றம் பிடித்த பறவைக்கு வக்காலத்து வாங்குபவர் வேண்டுமானால் வந்து முற்றத்தைக் கழுவட்டும் என்ற தொனியில் பேச்சு வந்தது. பூர்ணிமாவுக்கு வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள், மிகச் சிறியவர்கள். தரையில் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தபோது அவர்கள் நினைவுக்கு வந்ததை அவர் பல முறை சொல்லியிருக்கிறார். பிரம்மபுத்திராக் கரையில் விவசாயியான பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். வயலிலும் சதுப்பிலும் பறவைகளைக் காட்டிக் காட்டி வளர்த்தவர் அந்தப் பாட்டி. ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடம் போனார். முனைவர் பட்டம் வாங்க 2019 ஆயிற்று.

பெண்களிடம் போனது தற்செயல் அல்ல. முற்றத்தைக் கூட்டிக் கழுவுவது அவர்கள்தான். நாற்றத்தின் முழு எடையும் அவர்கள் தலையில். கூட்டம் போட்டுப் பறவையின் அறிவியல் பெயரைச் சொன்னால் வருபவர் யாருமில்லை. அதனால் சமையல் போட்டி வைத்தார், பிட்டா என்னும் அரிசிப் பலகாரம் செய்யும் போட்டி வைத்தார், கூடிய இடத்தில் பறவையின் பேச்சை எடுத்தார். பறவை ஊருக்குள் நுழைந்தது அடுப்படி வழியாக. இதை உத்தி என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அசாமியப் பெண்களின் அன்றாட வாழ்வில் ஏற்கெனவே இருந்த கலைகளில், அதாவது சமையல், பாட்டு, சடங்கு, நெசவு ஆகியவற்றில் பறவைக்கு ஓர் இடம் போட்டுக்கொடுத்தது அது. புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை.

அவற்றில் மிகவும் பேசப்பட்டது வளைகாப்பு. கருவுற்ற பெண்ணுக்கு அசாமில் 'பஞ்சாமிர்தம்' என்ற பெயரில் ஒரு சடங்கு உண்டு. பழனிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறொன்றை நினைவூட்டும்; அங்கே அது தாய்மைச் சடங்கின் பெயர். ஹர்கிலா கூடு கட்டும் பருவத்தில் ஊர்ப் பெண்கள் கூடி, அதே சடங்கை மரத்தின் உச்சியில் இருக்கும் பறவைக்குச் செய்கிறார்கள். பாட்டு, பலகாரம், ஆசி எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் வளைகாப்பு முடிந்த பெண்ணைப் பெற்றவர்கள் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். அந்தக் கோணத்தில் பார்த்தால் இந்தச் சடங்கின் கூர்மை புரியும். மரத்தடியில் பாட்டுப் பாடி ஆசி கொடுத்துவிட்டால், பிரசவம் நடக்கப்போவது தங்கள் வீட்டில் என்று ஊரறிய ஏற்றுக்கொண்டதாகிறது. பிள்ளை பெற வந்தவளின் வீட்டு மரத்தை யார் வெட்டுவார்கள்? மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரரை மேடையேற்றி, அசாமில் மரியாதையின் அடையாளமான கமுசா என்னும் வெள்ளை–சிவப்புத் துண்டைப் போர்த்துவதும் இதோடு சேர்ந்தது. வெட்டியவரைப் பழிப்பதற்குப் பதிலாக வெட்டாதவரைக் கௌரவித்தார்கள்.

கிராமத்துப் பெண்கள் இப்படித் திரண்ட அமைப்புக்கு 'ஹர்கிலா படை' என்று பெயர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். ராணுவப் பதவியின் பெயரைச் சுமந்த பறவைக்குப் படை அமைந்தது பொருத்தம்தான். ஊர்வலங்களில் அவர்கள் சூடும் காகிதக்கூழ்த் தலைகளில் நீண்ட அலகும் மொட்டைத் தலையும் அப்படியே இருக்கும், அழகுபடுத்தவில்லை. மருதாணியிலும் அதே உருவம் வரைகிறார்கள்.

நெசவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்காரருக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கும். தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி ஆகிய ஹர்கிலா கிராமங்கள் பிரம்மபுத்திராவின் வடகரையில் இருக்கின்றன. அதே கரையில்தான் அசாமின் பட்டு நெசவூரான சுவால்குச்சி இருக்கிறது. அசாமில் தறி பெண்களின் சொத்து. கிராமத்து வீட்டில் தறி இல்லாவிட்டால்தான் கேள்வி வரும். கமுசாவிலும் மேகலா சாதர் என்னும் இரண்டு துண்டு உடையிலும் பூவும் கொடியும் பறவையும் ஊடையில் கூடுதல் இழை சேர்த்து எழுப்பப்படும். ஹர்கிலா படையைச் சேர்ந்த பெண்களுக்குத் தறியும் நூலும் கொடுக்கப்பட்டன. அவர்கள் கமுசாவிலும் சாதரிலும் சேலையிலும் ஹர்கிலா உருவை நெய்து விற்கிறார்கள். பறவையால் வீட்டுக்கு முதன்முறையாக வருமானம் வந்தது.

வருமானம் ஒரு பக்கம். தறியில் ஓர் உருவை எழுப்புவது பேனாவால் வரைவது போலல்ல. தறியில் வளைவு கிடையாது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டத்தில் ஒவ்வொரு வளைவும் சிறு சிறு படிக்கட்டாகத்தான் ஏறி இறங்கும். அலகு எத்தனை இழை நீளம், கழுத்து எந்த இழையில் மடங்குகிறது, பை எங்கே தொங்குகிறது என்று எண்ணாமல் அது ஹர்கிலாவாக வராது. எண்ணிக்கை தவறினால் கொக்காகிவிடும். தினமும் முற்றத்தில் அசுத்தமாக மட்டும் தெரிந்த ஒரு பறவையை இழை இழையாக எண்ணும் அளவுக்கு உற்றுப் பார்க்க வைத்தது தறி. எந்தச் சொற்பொழிவும் அதைச் செய்திருக்காது.

காஞ்சிபுரம் சேலையிலும் பறவைக்குப் பஞ்சமில்லை. அன்னம், மயில், கிளி, இருதலைப்பட்சி ஆகியவை கரையிலும் முந்தியிலும் புட்டாவிலும் தலைமுறை தலைமுறையாக வருபவை. கோயில் தூணிலும் விமானத்திலும் இருக்கும் உருவங்களோடு அவற்றுக்கு உறவு உண்டு. ஆனால் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் கற்பனைப் பறவை. இருதலைப்பட்சி எந்த ஏரியிலும் இறங்காது. ஊருக்கு வெளியே ஏரியில் நிற்கும் நத்தைகுத்தி நாரையோ கூழைக்கடாவோ அந்த மரபுப் பட்டியலில் இல்லை. காரணம் நெசவாளியின் அசட்டை அல்ல. காஞ்சியில் டிசைன் கட்டத்தாளில் எழுதப்பட்டு, அட்டை குத்தப்பட்டு, ஜக்கார்டில் ஏறித்தான் தறிக்கு வருகிறது. எந்த டிசைன் என்பதைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கமோ சேலைக்கு ஆர்டர் கொடுக்கும் முதலாளியோ சந்தையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மூன்று நாடாவில் கோர்வை போடுபவரின் கைத்திறன் உலகப் பெயர் பெற்றது. ஆனால் என்ன பறவை என்று தீர்மானிப்பது அவர் கையில் இல்லை. தாதராவில் அந்த முடிவு சந்தையிலிருந்து வரவில்லை; பறவையைக் காக்கத் திரண்ட பெண்களிடமிருந்து வந்தது. மரத்தின் கீழ் இருந்த தறியில் மரத்தின் மேல் இருந்த பறவை வந்ததற்கு இந்த ஒரு வேறுபாடு போதுமான விளக்கம்.

பெயர் மாறினால் பறவையின் விதி மாறும் என்பதற்கு பீகார் சாட்சி. பாகல்பூர் மாவட்டத்துக் கத்வா தியாராவில் 2006-ஐ ஒட்டி இதே பறவை கூடு கட்டுவது கண்டறியப்பட்டது. அங்கே மக்கள் அதை எலும்பு விழுங்கி என்று அழைக்கவில்லை, கருடன் என்றார்கள். பெருமாளின் வாகனம் கொல்லையில் வந்து கூடு கட்டினால் மரத்தை வெட்டுவதற்குக் கை வருமா? வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் வரதராஜரின் கருட சேவைக்குத் திரளும் காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிபட்டு விழும் பறவைகளுக்காகப் பாகல்பூரில் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. பீகாரில் புராணம் ஆயத்தமாக இருந்தது. அசாமில் அப்படி ஒரு கதை கைவசம் இல்லாததால் சடங்கையும் பாட்டையும் தறியையும் கொண்டு அதை உருவாக்க வேண்டியிருந்தது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டியதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் தெரிவித்தது. உலகிலேயே இந்தப் பறவையின் மிகப்பெரிய குடியிருப்பு இப்போது இதுதான். அந்த ஆண்டில் அந்த அமைப்பின் 'புவியின் நாயகர்' விருது பூர்ணிமாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே 2017-இல் இந்திய அரசின் நாரி சக்தி விருதும் பிரிட்டனின் விட்லி விருதும் வந்திருந்தன. 2024-இல் விட்லி தங்க விருதும் வந்தது. 2030-க்குள் உலகில் இந்தப் பறவையை ஐயாயிரமாகப் பெருக்குவதும் படையை இருபதாயிரம் பெண்களாக விரிப்பதும் அப்போது அறிவிக்கப்பட்ட இலக்குகள். அழியும் நிலையில் உள்ள இனங்களில் ஒன்றாக இருந்த ஹர்கிலா, 2023-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்ற குறைந்த ஆபத்து நிலைக்கு இறக்கப்பட்டது. கலைக்கு வெளியே நடந்த வேலைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கூட்டிலிருந்து தவறும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டினார்கள். அடிபட்ட குஞ்சுகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 2017-இல் மூங்கிலால் உயரமான கூட்டு மேடைகள் கட்டிப் பார்த்தார்கள். இரண்டொரு ஆண்டில் அவற்றிலும் குஞ்சு பொரித்தது. கூட்டு மரங்களையும் சதுப்பு நிலங்களையும் ஒட்டி 45,000 கன்றுகள் நடப்பட்டன.

எட்டாத இடமும் உண்டு. கௌகாத்தியின் விளிம்பில் இருக்கும் தீபோர் பீல் 2002-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்பு. அதை ஒட்டிய போராகாவ் குப்பைமேட்டில், கழிவு கிளறும் மனிதர்களோடும் மாடுகளோடும் தோளுரசி நூற்றுக்கணக்கான ஹர்கிலாக்கள் இரை தேடியது உலகப் புகழ் பெற்ற காட்சி. பெருமைப்படத்தக்க புகழ் அல்ல. வளைகாப்பு கூட்டு மரத்தைக் காக்கும். நீர்நிலை சுருங்குவதையும், நகரத்துக் குப்பை சதுப்பில் கொட்டப்படுவதையும் தடுக்க அதனால் முடியாது. அது மாநகராட்சியின் வேலை, நில வரைபடத்தின் வேலை. ஊர்ப் பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள் என்பதால் மற்றவர்களின் பங்கு குறைந்துவிடாது.

கைவினையை முன்னிறுத்திப் பறவையைக் காத்த வேறு ஊர்களும் இருக்கின்றன. அருணாசலப் பிரதேசத்து நிஷி ஆண்களின் தலையணியில் இருவாச்சியின் அலகு சூடுவது மரபு. அசல் அலகுக்குப் பதிலாகக் கண்ணாடியிழையில் செய்த அலகை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் 1970-களின் இறுதியில் நூறு அளவில் எஞ்சியிருந்த கிளி, பாட்டும் வேடமும் பொம்மையாட்டமும் வழியாக மக்கள் பறவையாகி, 1979-இல் தேசியப் பறவையானது. ஆனால் கிளியும் இருவாச்சியும் முதலிலேயே அழகானவை; தலையில் சூடத் தகுந்தவை. ஹர்கிலாவின் நிலை வேறு.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த தொண்டை மண்டலத்தில் பறவைகளைக் காப்பதற்கு இந்தப் பாடு தேவைப்படவில்லை. வேடந்தாங்கலில் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில். எச்சம் முற்றத்தில் விழாமல் நீரில் விழுகிறது, அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. அந்தக் கணக்கு விவசாயிக்கு எப்போதோ தெரிந்திருந்தது. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்கான கௌல் என்னும் ஆணையை வாங்கினார்கள். 1936-இல் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் அண்டையூரான கரிக்கிலியோடு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது இன்னொரு வகைக் காவல். எச்சம் உரமாகும் ஊரில் பறவை தானே வாடகை கொடுத்துவிடுகிறது. தாதராவில் அதே எச்சம் வெறும் இழப்பு. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பாட்டும் தறியும் வேண்டியிருந்தன.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் தாமல் ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றின் படுகையில், ஆற்றுப் பறவைகளுக்கு ஆறாக இருப்பவை இத்தகைய ஏரிகள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் பிடித்தபின் நாரையும் கொக்கும் இறங்குகின்றன. இங்கே கூடு கட்ட மரம் என்றால் பல ஏரிகளில் அது சமூகக் காடு வளர்ப்பில் ஏரிக்குள் நடப்பட்ட கருவேல மரம்தான். அந்த மரங்கள் முதிர்ந்ததும் ஏலத்துக்கு வருபவை. மரம் ஊரில் எவருடைய கொல்லையிலும் இல்லை; வளைகாப்பு நடத்த ஒரு முற்றம் இல்லை. நீர் வற்றும் கோடையில்தான் வெட்டுக்கு லாரி ஏரிக்குள் இறங்க முடியும். மழைக்குப் பின் தாமதமாகக் கூடு வைத்த பறவைகளின் குஞ்சுகள் அப்போதும் கிளையில் இருக்கக்கூடும் என்பதால், ஏலத் தேதியைக் கூடு காலியாகும் நாளோடு பொருத்திக் குறிப்பதே இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை.